இரண்டு நொடி கறுத்துப்போகும் மானிட்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

புத்தகப் பக்க வடிவமைப்பு செய்யும் நண்பர் ஒருவரின் மேசைக் கணினியில் வந்த கோளாறு இது. மானிட்டர் 27 அங்குல எல்சிடி, 2560×1440 பிக்சல், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கப்படும்). கிராபிக்ஸ் கார்டிலிருந்து டிஸ்பிளேபோர்ட் கேபிள் வழியாகப் படம் வருகிறது. வாரன்டி முடிந்திருந்தது.

அவர் சொன்ன முதல் புகார்: வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை சட்டென்று கறுத்துப்போகிறது, இரண்டு மூன்று நொடியில் தானாகவே திரும்பி வந்துவிடுகிறது. சில நாள் ஒருமுறைகூட வராது, சில நாள் எரிச்சலூட்டும் அளவுக்கு வரும். இரண்டாவது: கருமையான படங்களைத் திறந்தால் வெள்ளையும் பச்சையுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள் மின்னி மறைகின்றன. மூன்றாவதை அவர் போகிறபோக்கில்தான் சொன்னார். சில காலைகளில் சிபியுவின் பட்டனை அழுத்தினால் கணினி எழுவதில்லை; மானிட்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டு அழுத்தினால் எழுந்துவிடுகிறது. "அது வேற பிரச்சினை, விடுங்க" என்றார். எனக்கு அது வேறாகத் தெரியவில்லை. மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

நான் போவதற்குள் அவர் செய்து முடித்திருந்தவை: கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்து மறுபடி போட்டது, மானிட்டரின் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோனது, கடைசியில் விண்டோஸையே புதிதாக நிறுவியது. நடுவில் ஒரு மாலை எச்டிஎம்ஐ கேபிளைப் போட்டுப் பார்த்திருக்கிறார். நிறமெல்லாம் வெளிறிப்போனதால் மறுபடி டிஸ்பிளேபோர்ட்டுக்கே திரும்பிவிட்டார். இதற்கிடையே யாரோ தொலைபேசியிலேயே கேட்டுவிட்டு, பேனல் (படம் தெரியும் திரைத் தகடு) போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

டிரைவரை மாற்றுவதில் தவறில்லை. ஆனால் முதல் வேலையாக அதைச் செய்யும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. விண்டோஸை மறுபடி போட்டதில் பழைய நிகழ்வுப் பதிவுகளும் சேர்ந்து போய்விட்டன, அவற்றில் தேட வேண்டியது இருந்தது.

கறுப்பு எல்லாம் ஒரே கறுப்பு அல்ல

திரை கறுத்துப்போகிறது என்று ஒருவர் சொன்னால் அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். மானிட்டருக்கே மின்சாரம் போய்விட்டிருக்கலாம். அப்போது பவர் விளக்கும் அணைந்திருக்கும். பவர் போர்டில் மேல்மூடி உப்பிப்போன கெபாசிட்டர்கள் இதற்கு வழக்கமான காரணம். பேக்லைட் மட்டும் அணைந்திருக்கலாம். அப்போது பேனலில் படம் இருக்கும், பின்னாலிருந்து வெளிச்சம்தான் இருக்காது. இருட்டறையில் திரையோடு சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தால் ஜன்னல்களும் எழுத்துகளும் ஆவி மாதிரி தெரியும். மூன்றாவது, சிக்னல் அறுந்த கறுப்பு. மானிட்டர் உயிரோடு இருக்கும், பேக்லைட்டும் சரியாக இருக்கும், காட்டுவதற்குத்தான் எதுவும் வந்து சேர்ந்திருக்காது.

இதில் எது என்று நண்பருக்குத் தெரியவில்லை. சரி, அடுத்த தடவை வரும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள் என்று சொல்லி வைத்தேன்: பவர் விளக்கு என்ன செய்கிறது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் நிற்கிறதா, யுஎஸ்பியைச் செருகினால் வருமே அந்த மாதிரி ஒலி ஏதாவது கேட்கிறதா. மறுநாளே பதில் வந்தது. விளக்கு அணையவில்லை, பாட்டு நிற்கவில்லை, ஒலியும் கேட்கவில்லை. பாட்டு தனி ஸ்பீக்கரில் ஓடியது என்பதால் கணினி உறையவில்லை என்பது உறுதி. விளக்கு எரிந்ததால் பவர் போர்டின் மேல் சந்தேகம் குறைந்தது. ஒலி கேட்கவில்லை என்பதால், மானிட்டர் கழன்று மறுபடி செருகப்பட்டதாக விண்டோஸ் நினைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இணைப்பு இருந்தபடியே இருக்க, அதில் ஓடும் தகவல் மட்டும் தடம் புரள்கிறது.

நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரையும் பார்த்தேன். கிராபிக்ஸ் டிரைவர் திணறி, விண்டோஸ் அதை மீட்டெடுத்தால் 4101 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். புதிதாக நிறுவிய பிறகும் திரை பலமுறை கறுத்திருக்கிறது, ஆனால் அந்த எண்ணில் ஒரு பதிவும் இல்லை. டிரைவரை அதோடு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

மெனுவும் ஸ்கிரீன்ஷாட்டும்

படம் திரைக்கு வரும் பாதை நீளமானது. கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் படம் உருவாகிறது. கார்டின் வெளியீட்டுப் பகுதி அதைச் சிக்னலாக்கி அனுப்புகிறது. சாக்கெட், கேபிள், மறுமுனைச் சாக்கெட். மானிட்டருக்குள் ஸ்கேலர் போர்டு அதைப் பேனலுக்கு ஏற்றபடி மாற்றுகிறது. பிறகு டீகான் எனப்படும் நேரக் கட்டுப்பாட்டுப் போர்டு. அப்புறம் பேனல், அதன் பின்னால் பேக்லைட். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தொட்டியிலிருந்து திருகு வரை எல்லாவற்றையும் மாற்றுவதில்லை, நடுவில் ஓரிடத்தில் கழற்றித்தான் பார்ப்போம். இங்கே ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் இரண்டு இடங்களில் அப்படிப் பார்க்க முடியும்.

ஒன்று, மானிட்டரின் சொந்த மெனு. பட்டனை அழுத்தினால் வரும் பிரகாசம், நிறம் மாற்றும் பட்டியல் கணினியிலிருந்து வருவதல்ல. ஸ்கேலர் போர்டே வரைவது. கேபிளில் எது கெட்டாலும் அது மெனுவைத் தொடாது. பேனலில் எது கெட்டாலும் மெனுவும் தப்பாது. நண்பரின் கணினியில் இரவுக் காட்சிப் புகைப்படம் ஒன்றை முழுத்திரையில் திறந்து, புள்ளிகள் மின்னத் தொடங்கியதும் மெனுவை அதன் மேலேயே திறந்தேன். மெனுப் பெட்டியைச் சுற்றிலும் புள்ளிகள் பொரிந்துகொண்டிருந்தன. பெட்டிக்குள் ஒன்றுகூட இல்லை. மெனுவை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தியும் பார்த்தேன். போன இடமெல்லாம் உள்ளே சுத்தமாகவே இருந்தது. புள்ளிகளுக்குப் பேனலும் டீகானும் பொறுப்பில்லை என்பது அங்கேயே முடிவானது. புது மானிட்டர் வாங்கும் பேச்சும் அதோடு நின்றது.

இரண்டாவது, ஸ்கிரீன்ஷாட். அது நினைவகத்தில் இருக்கும் படத்தின் நகல். புள்ளிகள் மின்னும் நேரத்தில் எடுத்து, அதை ஒரு கைபேசிக்கு அனுப்பிப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி எதுவும் இல்லை. கார்டின் நினைவகமோ மென்பொருளோ கெட்டிருந்தால் நகலிலும் அது வந்திருக்கும். ஆக, கோளாறு கார்டின் வெளியீட்டு முனைக்கும் ஸ்கேலரின் உள்ளீட்டு முனைக்கும் நடுவில்தான்.

இந்த இரண்டு சோதனைகளும் வேறு கோளாறுகளுக்கும் அப்படியே பொருந்தும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரையின் மேலிருந்து கீழ்வரை ஒரே இடத்தில் நிற்கும் மெல்லிய கோடு மெனுவையும் வெட்டிக்கொண்டு போனால், பேனல் விளிம்பில் ஒட்டியிருக்கும், பேனலை இயக்கும் டிரைவர் சில்லின் இணைப்பு (மென்பொருள் டிரைவர் அல்ல) விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் சரிசெய்யக்கூடிய வேலை அல்ல அது. முப்பரிமாண விளையாட்டுகளில் மட்டும் கட்டம்கட்டமாகச் சிதறி, அந்தச் சிதறல் ஸ்கிரீன்ஷாட்டிலும் விழுந்தால் கார்டைப் பார்க்க வேண்டும். மெனு கூர்மையாக இருக்க, எழுத்துகள் மட்டும் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் கோளாறே கிடையாது. 1920×1080 அமைப்பில் 2560×1440 பேனலை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பேக்லைட்டையோ பவர் போர்டையோ பார்க்க மானிட்டரைத் திறப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்சாரமாக மாறி உள்ளே பெரிய கெபாசிட்டரில் நிற்கும்போது அது 300 வோல்ட்டைத் தாண்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அங்கேயே இருக்கும்.

வேகத்தைக் குறைத்தபோது

பாதையில் மிஞ்சியது இரண்டு சாக்கெட்டும் ஒரு கேபிளும். அடுத்த சோதனைக்கும் புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. டிஸ்பிளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸை 60 ஆக்கினேன். புள்ளிகள் நின்றுவிட்டன. மறுபடி 144, புள்ளிகள் வந்துவிட்டன.

காரணம் கணக்கில் இருக்கிறது. இந்தத் திரைக்கு 60 ஹெர்ட்ஸில் நொடிக்குச் சுமார் 5.8 கிகாபிட் தகவல் போதும். 144 ஹெர்ட்ஸில் அதுவே 14 கிகாபிட்டாகிவிடுகிறது. டிஸ்பிளேபோர்ட் 1.2 நான்கு தடங்களில் ஓடுகிறது. உச்ச வேகத்தில் தடத்துக்கு 5.4 கிகாபிட், படத்துக்கென்று மொத்தம் 17.28 கிகாபிட் கிடைக்கும். அதற்கு ஒரு படி கீழே தடத்துக்கு 2.7, படத்துக்கு 8.64. 60 ஹெர்ட்ஸ் இந்தக் கீழ்ப்படிக்குள் அடங்கிவிடுவதால் கார்டு தாராளமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். குறைந்த வேகத்தில் சுமாரான கேபிளும் சமாளிக்கும், உச்ச வேகத்தில் அதன் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது தகவல் கெட்டால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழி இருக்கிறது. வீடியோ சிக்னலில் அது கிடையாது. கெட்ட பிக்சல் கெட்டபடியே திரைக்கு வரும், அந்த ஒரு கணம் தவறான நிறத்தில் மின்னிவிட்டுப் போகும். பிழைகள் அதிகமாகி மானிட்டர் சிக்னலையே தவறவிட்டால், கார்டும் மானிட்டரும் பேசி இணைப்பை முதலிலிருந்து சரிசெய்துகொள்ளும். அந்த இரண்டு மூன்று நொடிதான் திரை கறுத்திருக்கும் நேரம்.

எனவே 60 ஹெர்ட்ஸில் இருட்டும் நிற்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படியே சில நாள் ஓட்டச் சொன்னேன். புள்ளி ஒன்றுகூட வரவில்லை. ஆனால் திரை கறுப்பது மட்டும் தொடர்ந்தது.

எப்போது வருகிறது

இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்பட்டு எதையாவது வாங்குவார்கள். எப்படிப்பட்ட கோளாறு என்பது ஓரளவு தெரிந்துவிட்டது, எப்போது வருகிறது என்று யாரும் பார்த்திருக்கவில்லை. ஒரு தாளை மேசையில் வைத்து, ஒவ்வொரு முறை கறுக்கும்போதும் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதச் சொன்னேன். எந்த மென்பொருள் திறந்திருந்தது, ஃபேனோ ஏசியோ ஓடியதா, யாராவது சுவிட்ச் போட்டார்களா, எதுவானாலும் சரி.

தாளில் வந்த குறிப்புகள் முதல் பார்வைக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. "போன் எடுக்கப் போனேன்." "பிரின்டரில் பேப்பர் வைக்க." "கதவு தட்டினார்கள்." "சாப்பிடக் கிளம்பும்போது." மும்முரமாகப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தபோது என்று ஒரு குறிப்பும் இல்லை. எல்லாமே எழுந்திருக்கும் நேரம்.

நண்பரை உட்காரச் சொன்னேன், எழச் சொன்னேன். சில முறை ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒருமுறை இருக்கையில் நன்றாகச் சாய்ந்து அசைந்துவிட்டுச் சட்டென்று எழுந்தார். திரை கறுத்தது.

"நாற்காலியா?" என்று சிரித்துவிட்டார். நாற்காலிதான். உயரத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் வாயு சிலிண்டர் வைத்த சுழல் நாற்காலி, செயற்கைத் துணி போர்த்தியது. உடையும் இருக்கையும் உரசிப் பிரியும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. எழும்போது சிலிண்டர் மேலே நகர்கிறது, உலோகப் பாகங்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் விலகுகின்றன. அந்த இடைவெளியில் மின்னூட்டம் பொறியாகத் தாவுகிறது. பொறி நம் கண்ணில் படாது, காதிலும் கேட்காது. ஆனாலும் அந்தக் குறுகிய பாய்ச்சல் சுற்றிலும் ரேடியோ அலைத் துடிப்பாகப் பரவும். அருகில் ஒழுங்கான கவசம் (வெளி அலைகளைத் தடுக்கும் உலோக உறை) இல்லாத வீடியோ கேபிள் கிடந்தால், அது ஆன்டெனா மாதிரி அதை வாங்கிக்கொள்ளும். காற்று வறண்டிருக்கும் நாட்களில் நிலைமின்சாரம் அதிகம் சேரும். சில நாள் வருவதும் சில நாள் வராததும் அதனால்தான்.

கேட்பவர்களுக்குக் கட்டுக்கதை மாதிரி இருக்கும். யுஎஸ்பி வழியாகத் திரைகளை இணைக்கும் சிப்களுக்குப் பெயர்போன டிஸ்பிளேலிங்க் நிறுவனமே தன் உதவிக் குறிப்பு ஒன்றில், வாயு சிலிண்டர் நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் எழும் மின்காந்தத் துடிப்பை வீடியோ கேபிள் பிடித்துக்கொண்டு திரை அணையலாம் என்று எழுதி வைத்திருக்கிறது.

இருந்தாலும் ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவுகட்டக் கூடாது. நாற்காலியை எடுத்துவிட்டு மர ஸ்டூல் போட்டோம். எத்தனை முறை எழுந்தும் திரை அசையவில்லை. சுழல் நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்ததும் மறுபடி கறுத்தது. எடுத்தால் நிற்பது மட்டும் போதாது, வைத்தால் திரும்பி வருவதையும் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

கேபிளைத் திறந்து பார்த்தது

நாற்காலி தூண்டுகிறது, சரி. உலகத்தில் கோடிக்கணக்கானோர் இப்படிப்பட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், எல்லோருடைய திரையும் கறுப்பதில்லையே. பலவீனம் கேபிளில் இருந்தது.

சிபியுவை அறையின் ஓரத்துக்கு நகர்த்தியபோது வாங்கிய ஐந்து மீட்டர் கேபிள் அது. மேசைக்கடியில் மிச்ச நீளத்தைச் சுருட்டி, எக்ஸ்டென்ஷன் போர்டின் மேலேயே கட்டி வைத்திருந்தார். அந்தச் சுருள் நாற்காலியின் காலிலிருந்து ஒரு முழத் தூரம்கூட இல்லை. உள்ளே சில்லு வைத்துச் சிக்னலைத் தூக்கிக் கொடுக்காத சாதாரணக் கேபிளில், உச்ச வேகத்துக்கு நான் இரண்டு மீட்டரைத் தாண்டுவதில்லை.

கழற்றியதும் மல்டிமீட்டரில் ஊசிமுனை ப்ரோப் மாட்டி, இரு தலைகளிலும் 20ஆம் பின்னைத் தொட்டுப் பார்த்தேன். பீப் ஒலி வந்தது, அதாவது இரு முனையும் கம்பியால் இணைந்திருக்கின்றன. வரவே கூடாது. டிஸ்பிளேபோர்ட் சாக்கெட்டில் 20ஆம் பின் 3.3 வோல்ட் தரும் பின். மாற்றிகளுக்கும் சிறு கருவிகளுக்கும் மின்சாரம் கொடுக்க வைத்தது. கார்டு, மானிட்டர் இரண்டின் சாக்கெட்டிலும் அது இருக்கும். ஒன்றின் மின்சாரம் மற்றொன்றுக்குள் போகக் கூடாது என்பதற்காக, கேபிளில் இந்தப் பின்னை இணைக்கக் கூடாது என்று தரவிதியே சொல்கிறது. விதியைப் பார்க்காமல் செய்த கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். கணினி அணைந்திருக்கும்போதும் மானிட்டரிலிருந்து 3.3 வோல்ட் பின்பக்கமாகக் கார்டுக்குள் ஏறும். அந்த அரைகுறை மின்சாரத்தில் கணினி எழாமல் மக்கர் செய்யும். "வேற பிரச்சினை" என்று அவர் ஒதுக்கிய மூன்றாவது புகார் இதுதான்.

இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்பதால் கேபிளை வெட்டியே பார்த்தோம். நல்ல கேபிளில் மெல்லிய உலோகத் தாளுக்கு மேல் கம்பி வலை ஒன்று பின்னியிருக்கும். அது தலையின் உலோகக் கூட்டைச் சுற்றிலும் பற்றியிருக்கும். இதில் வலை இல்லை. உலோகத் தாள் ஒரு சுற்று. அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை முறுக்கி, தலைக்குள் ஒரே புள்ளியில் ஈயம் வைத்திருந்தார்கள். ஒரு முனையில் அந்த ஒட்டும் விட்டுப்போயிருந்தது.

சரிசெய்தவை

சிபியுவை மேசைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து, டிஸ்பிளேபோர்ட் தரவிதியை வகுக்கும் வெசா அமைப்பு சான்றளித்த ஒன்றரை மீட்டர் கேபிள் போட்டோம். 144 ஹெர்ட்ஸுக்குத் திரும்பியும் புள்ளிகள் வரவில்லை. காலையில் எழாமல் அடம்பிடிப்பதும் நின்றது. இருட்டு வெகுவாகக் குறைந்தது, ஆனாலும் எப்போதாவது எட்டிப்பார்த்தது.

மிச்சம் எக்ஸ்டென்ஷன் போர்டில் இருந்தது. மூன்று துளை வைத்த போர்டுதான், சுவரில் செருகும் முனையோ இரண்டு பின். எர்த் எங்கேயும் போகவில்லை. கேபிளின் கவசம் வாங்கிக்கொள்ளும் துடிப்பு சிபியுவின் உலோகக் கூட்டுக்குப் போய், அங்கிருந்து எர்த்தில் இறங்க வேண்டும். இங்கே அது இறங்க வழியே இல்லாமல் இருந்தது. கூட்டைத் தொட்டால் லேசாகச் சுறுசுறுவென்று இருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரையை விடுங்கள், உயிருக்கே ஆபத்தான நிலை அது. எர்த் உள்ள போர்டாக மாற்றி, சுவர் சாக்கெட்டிலும் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்த பிறகு, அதே நாற்காலியில் எவ்வளவு வேகமாக எழுந்தாலும் திரை கறுப்பதில்லை.

எச்டிஎம்ஐயில் நிறம் வெளிறியது இவை எதோடும் சேராது. தொலைக்காட்சி வழக்கத்தில் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் அனுப்புவார்கள். கணினி வழக்கத்தில் 0 முதல் 255 வரை. கார்டு தொலைக்காட்சி வரம்பில் அனுப்ப, மானிட்டர் அதைக் கணினி வரம்பாக எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாகிவிடும். கிராபிக்ஸ் கார்டின் அமைப்பில் வெளியீட்டு வரம்பை முழு வரம்பு என்று மாற்றியதும் சரியானது.

சரியாகாமல் நிற்பது ஒன்று உண்டு. சோதனைக்காக முழுத்திரையில் ஒவ்வொரு நிறமாகக் காட்டியபோது, கறுப்புத் திரையின் வலது கீழ்ப்பக்கம் பச்சையாக ஒரு புள்ளி அசையாமல் நின்றது. அணைய மறுக்கும் ஒற்றைத் துணைப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளில் ஒன்று). மெனுவை அதன் மேல் நகர்த்தினாலும் மெனுவுக்குள்ளேயே தெரிந்தது. நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் நிரலை இரவு முழுக்க ஓடவிட்டும் அது மாறவில்லை. வாரன்டி இருந்திருந்தாலும் பலன் சந்தேகம்தான்: ஐஎஸ்ஓ 9241-307 தரவிதியின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு ஐந்து துணைப்பிக்சல் குறைகள் வரை அனுமதிக்கிறது. இந்தத் திரையில் இருப்பது சுமார் 37 லட்சம் பிக்சல். பக்க வடிவமைப்பு மென்பொருளில் அந்த மூலையில் வெளிர்நிறக் கருவிப்பட்டி ஒன்றை நண்பர் நகர்த்தி வைத்திருக்கிறார். வெளிர்நிறத்தின் மேல் பச்சைப்புள்ளி தெரிவதில்லை.